மழை முகப்பு வழியாக வருவதில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் அத்தை வீட்டு இரண்டாம் கட்டில் ஐந்து பாத்திரங்கள் தரைக்கு இறங்கிவிடும். எது எங்கே என்பது அத்தைக்கு மனப்பாடம். பித்தளை அண்டா ஊஞ்சல் கொக்கிக்குக் கீழே, எவர்சில்வர் குண்டான் சாமி அறை வாசலில். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள வீடு அது. தெருவைப் பார்த்த தாழ்வாரம், அடுத்து திண்ணை, உள்ளே முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை. நூறு வயது தாண்டியது என்பார்கள். பங்குதாரர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் பிரான்சில் இருக்கிறார்கள்.

இந்த வீட்டை என்ன செய்வது என்று குடும்பத்துக்குள் சில வருடங்களாகப் பேச்சு ஓடுகிறது. அரசாங்கமும் இதே கேள்வியைத்தான் வேறு மொழியில் கேட்கிறது. நகரமைப்பு விதிகளைத் திருத்தும்போது ஒரு வரைவை வெளியிட்டு, இத்தனை நாட்களுக்குள் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் அனுப்பலாம் என்று பத்திரிகையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு போடுவார்கள். கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் எழுதுவார்கள், மரபு ஆர்வலர்கள் எழுதுவார்கள். பாத்திரம் வைக்கிறவர்கள் எழுதுவதில்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது அனுப்ப ஒரு கடிதத்தை இப்போதே எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எதைக் கேட்பது என்று முடிவு செய்வதற்குள் வழிகளை எல்லாம் ஒருமுறை எடை போட வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு விஷயத்தை ஓரமாக வைத்துவிடலாம். பழசு ஆபத்து, புதுசு பத்திரம் என்ற எண்ணம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், 1870களில் கட்டிய நகராட்சிக் கட்டடம், மழையில் சரிந்து விழுந்தது. ஒன்று பிறக்கும்போதே செத்தது, இன்னொன்று பராமரிப்பில்லாமல் செத்தது. இரண்டையும் யாரோ நேரத்துக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அதற்காக விதிகளே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2004இல் கும்பகோணத்தில் கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, படிக்கட்டின் அகலத்தையும் வெளியேறும் வழியையும் வெறும் காகித வேலை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். விதி வேண்டும். எந்த வீட்டுக்கு எந்த விதி என்பதுதான் தகராறு.

இனி வழிகளுக்கு வருவோம். எதுவும் செய்யாமல் சந்தைக்கு விட்டுவிடுவது முதல் வழி. சித்தப்பா மகன் இந்தக் கட்சி. விற்றுவிட்டால் ஒன்பது பங்கும் பிரிந்துவிடும், வாங்குபவர் இடித்துக்கொள்ளட்டும் என்கிறான். நியாயம் இல்லாத பேச்சில்லை. வீடு அவன் சொத்தும்கூட. ஊர் முழுக்க இப்படி நினைத்தால் தெரு என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே நாலு எட்டு நடந்தால் போதும். இதில் ஒப்பிட அதிகம் இல்லை.

இரண்டாவது, முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டுவது. பல ஊர்களில் அதிகாரிகளுக்கும் உரிமையாளர்களுக்கும் நடுவே சமரசமாக வருவது இதுதான். தெருவில் போகிறவருக்குத் தூணும் ஜன்னலும் தெரியும், உள்ளே மூன்று மாடி லாட்ஜ் நடக்கும். எனக்கு இதில் இருக்கும் முதல் குறை அழகு பற்றியது இல்லை, கட்டுமானம் பற்றியது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தனியாக நிற்பதற்காகக் கட்டப்பட்டதில்லை. குறுக்குச் சுவர்களும் கூரையின் பாரமும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பின்னால் எல்லாவற்றையும் உருவிவிட்டால் அது சினிமா செட் போல நிற்கும், இரும்பு முட்டுக் கொடுத்தால்தான் உண்டு. அப்புறம் பொதுச்சுவர். இந்தத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன. புதுக் கட்டடத்தின் தூண்களுக்கு ஆழமாகத் தோண்டினால், அடித்தளம் ஆழமில்லாத பக்கத்து வீடு விரிசல் விடும். அத்தை வீட்டு வடக்குச் சுவரில் ஒரு விரிசல் அப்படித்தான் வந்தது. பக்கத்தில் தோண்டியவர்கள் வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள், அது அடுத்த மழையிலேயே பொரிந்து உதிர்ந்தது.

ஏன் உதிர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மொத்த விவகாரத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் சேர்க்கும், பூச்சு உப்பிக் கழன்றுவிடும், கூடவே பழைய செங்கல்லின் தோலும் போகும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் நுனியில் அந்த ஈரம் ஏறினால் மரம் உளுத்துப்போகும், கரையானும் சேர்ந்துகொள்ளும். உத்திரம் போனால் கூரை போயிற்று.

மூன்றாவது வழி, இடித்துவிட்டு அல்லது விழுந்த பிறகு, அதேபோல் திரும்பக் கட்டுவது. மேரி கட்டடத்துக்கு அதுதான் நடந்தது. உலக வங்கி நிதியுதவி பெற்ற திட்டத்தில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரையில் ஒரு ஓட்டைப் பல் போலக் கிடந்த இடம் நிரம்பியதில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லப்போவதில்லை. பொதுக் கட்டடம், ஊரின் முகம், சரி. ஆனால் இதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டால் சங்கடம். விழுந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் விழுமுன் ஒழுகலை அடைக்க யாருக்கு அவசரம்? தவிர, அத்தை வீட்டுக்கு உலக வங்கி வரப்போவதில்லை.

நான்காவது, மரபுக் கட்டடங்களைப் பட்டியல் போட்டு இடிக்கத் தடை விதிப்பது. மரபு ஆர்வலர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சென்னையின் கதையை எடுத்துக்கொள்வோம். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று இதைச் சூடாக்கியது. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கு, அதிலிருந்து பழைய கட்டடங்களுக்கு வந்தார்கள். நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் 467 கட்டடங்கள் இருந்தன. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. (புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி, இந்தச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் பாடம் செல்லும்.)

பட்டியல் சாதித்ததும் உண்டு. அண்ணா சாலையில் 1897இல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள், வழக்குப் போய், 2010இல் இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெற்றி. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் வருடக்கணக்கில் எப்படி நின்றது என்பதை அந்தப் பக்கம் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். செடி முளைத்த கோபுரங்கள், மூடிய கதவுகள். தடை உத்தரவால் கடப்பாரையை நிறுத்த முடிந்தது, அரசங்கன்றை நிறுத்த முடியவில்லை.

அத்தனை பெரிய நிறுவனத்தின் கட்டடத்துக்கே இந்த நிலை என்றால் ஒன்பது பங்குதாரர்கள் உள்ள வீட்டுக்கு என்ன ஆகும்? இடிக்கவும் கூடாது, பழுது பார்க்கப் பணமும் இல்லை. ஒழுகவிட்டுக் காத்திருந்தால் தானாக விழும், விழுந்தபின் மனை விலைக்கு விற்கலாம். பட்டியலில் பெயர் வரும் என்று தெரிந்த இரவில் கூரையைப் பிரித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பணமில்லாத தடை, நல்ல மனதுடன் கேட்கப்பட்டாலும், வீட்டை மெதுவாகக் கொல்லும் வழியாக ஆகிவிடலாம். "நீ சென்னையிலிருந்து பேசறே. ஒழுகற வீட்டுல நான்தானே இருக்கேன்," என்று அத்தை ஒருமுறை சொன்னார். அதற்குப் பதில் சொல்ல முடியாத எந்த விதியையும் நான் ஆதரிக்கப்போவதில்லை.

ஐந்தாவது வழி காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். கட்டும் உரிமையை மாற்றிக்கொடுப்பது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். முற்றம் வைத்த பழைய வீடு 2,000 சதுர அடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2,800 சதுர அடி உரிமை சும்மா கிடக்கிறது. வீட்டை இடிக்காமல் அந்த உரிமையை வேறிடத்தில் கட்டும் ஒருவருக்கு விற்கலாம் என்பது யோசனை. இந்தியாவில் மும்பை இதை முதலில் செய்து பார்த்தது. 1995இல் மரபுக் கட்டடங்களுக்கான விதிகள் வந்தபோதே இதற்கு இடம் வைத்தார்கள். அங்கே நடந்தது என்னவென்றால், தெற்கே உருவான உரிமைகள் வடக்குப் புறநகர்களில் போய் இறங்கின, அங்கே நெரிசல் கூடியது. இங்கே அதை வாங்க ஆள் இருக்க வேண்டும், கணக்கு வைக்க நேர்மையான பதிவேடு இருக்க வேண்டும், ஒன்பது கையெழுத்தும் வேண்டும். நகர நடுவில் பெரிய மனைகளுக்குச் சரிப்படலாம். ஒரு தெரு முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள் உள்ள ஊரில் முதல் மருந்தாக இதை நம்ப மாட்டேன்.

ஆறாவது வழியைப் பார்க்க அத்தை வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வைசியாள் வீதி, கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நோவ் சூர் லோ என்ற இரண்டு ஊர்களுடன் கைகோத்து, 2002 முதல் 2004 வரை இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் உள்ளூர் நிர்வாகமும் அந்தத் தெருவைச் சீரமைத்தன. உரிமையாளர் ஒரு பங்கு போட்டால் திட்டம் ஒரு பங்கு போடும். தாழ்வாரங்கள் திரும்ப எழுந்தன, மரத் தூண்கள் வந்தன, திண்ணைகள் தொடர்ச்சியாகத் தெரிந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது.

எனக்கு இந்த முயற்சியில் பிடித்தது விருது இல்லை. தமிழர் பகுதியில் செய்தார்கள் என்பதுதான். கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுக் கட்டடங்களில் பல அரசிடமும் ஆசிரமத்திடமும் நிறுவனங்களிடமும் இருக்கின்றன, பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுக்கக் கூட்டமும் உண்டு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் குடும்பங்கள், வாரிசுகள், வாடகைதாரர்கள். இங்கே ஒரு வீட்டைக் காப்பாற்றுவது என்றால் ஒரு குடும்பத்தைச் சம்மதிக்க வைப்பது. உத்தரவால் அது நடக்காது, பாதிச் செலவை ஏற்கிறேன் என்றால் நடக்கும். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் சூலியா வீதியும் அடங்கிய அந்தப் பழைய நகரில், 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடியிருப்பாளர்கள் பலர் வெளியேற வேண்டி வந்தது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் இடம்பெற்றபோது பல கடைவீடுகளில் அவர்கள் இல்லை. குடியிருப்பவரைக் கணக்கில் சேர்க்காத பாதுகாப்பு அப்படித்தான் முடியும்.

வைசியாள் வீதியில் குறையும் இருக்கிறது. பெரும்பாலும் தெருவுக்குத் தெரிந்த பகுதிக்குத்தான் பணம் போனது. முகப்பு, தாழ்வாரம், வண்ணம். திட்டத்தின் நோக்கம் தெருக்காட்சி, அதனால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் மழை முகப்பு வழியாக வருவதில்லை. கூரை வழியாக வருகிறது. பழைய வீடு எதுவும் முன்பக்கத்திலிருந்து சாவதில்லை, மேலிருந்துதான் சாகிறது. விதி எழுதுகிறவர்கள், மானியம் கொடுக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் தெருவில் நின்று பார்க்கிறார்கள். மாடி ஏறிப் பார்ப்பவர் இல்லை.

மாடியில் என்ன இருக்கிறது? தேக்குக் கட்டைகள் வரிசையாக, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக, சாய்கோணத்தில் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய காரை, அதன்மேல் தட்டோடு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்த்த சுண்ணாம்பு. கோடையில் ஒருமுறை ஓட்டு இடுக்குகளைப் பார்த்து அடைத்துவிட்டால் தலைமுறை தாண்டி நிற்கும். அதை யாரும் செய்யாமல் விட்டு, ஒழுக ஆரம்பித்ததும் என்ன செய்கிறோம்? "மேல ஒரு கான்கிரீட் போட்டுடலாம் சார்." எங்களுக்கும் ஒரு பொறியாளர் இதையே சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ. பத்துக்குப் பதினைந்து அடி அறைக்கு நாலு அங்குலம் போட்டால் மூன்று டன்னுக்கு மேல். நுனி உளுத்த கட்டைகளின் தலையில் மூன்று டன்.

அவரைக் குறை சொல்லவும் மனமில்லை. அவருக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது ஆர்.சி.சி., அதாவது கம்பி கட்டிய கான்கிரீட். அனுமதிப் படிவம் கேட்பதும் அதைத்தான். செங்கல் கட்டடங்களைப் பழுது பார்த்து நிலநடுக்கத்துக்கு வலுப்படுத்த இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 13935 என்று தனியே ஒரு தரமே வைத்திருக்கிறது. வலுக்குறைந்த கல், செங்கல் சுவர்களுக்கு ஐ.எஸ். 13828 இருக்கிறது. மத்திய பொதுப்பணித் துறை 2013இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கென்று ஒரு கையேடே போட்டிருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை. அது நகராட்சி ஜன்னல் வரை வந்து சேரவில்லை.

கார் நிறுத்தும் விதியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும், யாரும் இதை மரபு விஷயமாகப் பார்ப்பதில்லை என்பதால். புதுக் கட்டடம் என்றால் வாகன இடம் காட்ட வேண்டும். சின்ன மனையில் அதற்கு ஒரே வழி, தரைத்தளத்தைத் தூண்களில் தூக்கிவிட்டுக் கீழே கார் விடுவது. திண்ணை இருந்த இடத்தில் இரும்பு கேட் வருகிறது. தெருவோடு பேசிக்கொண்டிருந்த வீடு முதுகைக் காட்டுகிறது. சரி, அழகு போனால் போகட்டும், பத்திரமாவது கிடைத்ததா? 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பல இதே மாதிரி கீழ்த்தளம் காலியாக விட்டவை. தூண்களுக்கு நடுவே சுவர் இல்லாத தளம் ஆட்டத்தைத் தாங்காது, ஒழுங்காக வடிவமைத்தால் ஒழிய. சென்னையை 2002இல் நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து ஆபத்து கூடிய மூன்றுக்கு மாற்றினார்கள். பழைய வீட்டை இடித்துத் தூண்மேல் நிற்கும் வீட்டைக் கட்டுகிறவர் தரத்தை உயர்த்துகிறார் என்று யாராவது சொன்னால், வடிவமைப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான். பட்டியல் வேண்டும், ஆனால் தரவாரியாக. மேரி போன்ற பொதுக் கட்டடத்துக்கு ஒரு கண்டிப்பு, அத்தை வீட்டுக்கு வேறு. அத்தை வீட்டில் குளியலறை மாற்றவும் மின்கம்பி புதிதாக இழுக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது. பட்டியலில் சேர்த்த அன்றே பாதிச் செலவு மானியத்துக்கும் தகுதி வர வேண்டும், அந்தப் பணத்தில் முதல் ரூபாய் கூரைக்குப் போக வேண்டும், முகப்புக்கு வண்ணம் கடைசியில். ஒன்பது பேரும் கையெழுத்திட வேண்டும் என்று காத்திருக்காமல், குடியிருக்கும் பங்குதாரரே பழுதுபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும்போது, முன்பக்கம் இத்தனை அடி விடு, கார் எங்கே என்ற கேள்விகள் வேண்டாம். தீ, படிக்கட்டு, மின்சாரம், கட்டுமான வலு இவற்றில் மட்டும் சமரசம் கூடாது, ஓட்டலாக மாற்றினால் இரட்டிப்புக் கண்டிப்பு. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் திண்ணையின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், தாத்தாவை நான்கு பேர் தூக்கி இறக்கிய வீடு அது. அப்புறம், அறிவிப்பைத் தமிழில், தெருவிலேயே ஒட்டுங்கள் என்றும் எழுதினேன்.

இந்தக் கோரிக்கையின் பலவீனம் எனக்குத் தெரியாமல் இல்லை. மானியத்துக்குப் பணம் தொடர்ந்து வர வேண்டும். வெளிநாட்டுத் திட்டம் இரண்டு வருடத்தில் முடியும், கூரைக்கு வருடா வருடம் ஆள் ஏற வேண்டும். பழைய வீடுகளை வைத்துத்தான் ஊருக்குச் சுற்றுலா வருமானம் வருகிறது, அதில் ஒரு துளியைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். சித்தப்பா மகன் படித்துவிட்டுச் சிரித்தான். "மானியம் வந்தா நானும் கையெழுத்து போடறேன்ணே. வரலேன்னா விக்கலாம்," என்றான். ஒரு வகையில் அதுவே நான் சொல்வதும்.

அத்தையிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மேஸ்திரி எப்ப வரார்?" என்றார். விசாரித்து வைத்திருந்தேன். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் விழுப்புரம் பக்கம் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தொட்டவர், ஏணி ஏற மகனைக் கூட்டிவருகிறார். வந்த உடனே வேலை ஆகாது, முதலில் சுண்ணாம்பு ஊற வேண்டுமாம். முற்றத்தில் தொட்டிக்கு இடம் பார்த்து வைக்கச் சொன்னார். ஆவணி முடியப்போகிறது.